திரும்பிப் பார்க்காத கஜாஞ்சி

எங்கள் பந்தாட்டக் கிளப்பின் கஜாஞ்சி ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பந்து பிடிக்காத ஆளிடம் எதற்குக் கிளப் பணத்தைக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பார்கள். பிடிக்காது என்று யார் சொன்னது? எருத்தேன்பதிப் பக்கம், மலையாள எல்லைக்குள் தமிழ் பேசுகிற எங்கள் ஊரில் அவரைவிடப் பந்துப் பைத்தியம் பிடித்த ஆளை நான் கண்டதில்லை. அதனால்தான் அவர் பார்க்கவில்லை. இது விளங்க எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. விளங்கிய பிறகு நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

பொருளாளர் என்று எழுதினால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் புரியாது. மலையாளத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட கஜாஞ்சிதான் நோட்டீஸிலும் இருக்கும், பேச்சிலும் இருக்கும். அவர் எங்களுக்குக் கஜாஞ்சியக்கா. ஒல்லியான உடம்பு, நாற்பத்தைந்தை ஒட்டிய வயது, இடுப்பில் செருகிய சேலைத் தலைப்பு. காலையிலும் சாயங்காலமும் பால் சொசைட்டியில் பால் பரிசோதிக்கிற வேலை. மற்ற நேரத்தில் வீட்டில் இருக்கிற ரெண்டு மாட்டையும் கிளப்பில் இருக்கிற இருபது மாட்டையும் மேய்ப்பது. இப்படிச் சொன்னது அவர்தான், நானில்லை.

மைதானத்தைச் சுற்றிலும் தென்னந்தடுக்கு கட்டி மறைத்து, ரோட்டுப் பக்கம் மட்டும் ஆள் நுழைகிற அளவுக்கு வழி விடுவோம். அங்கே ஒரு மேஜை, ஒரு ஸ்டூல். மேஜையில் டிக்கெட் புத்தகமும் காசு போடுகிற தகர டப்பாவும் இருக்கும். கஜாஞ்சியக்கா ரோட்டைப் பார்த்து உட்காருவார், முதுகு மைதானத்துக்கு. முதல் விசில் ஊதும்போதே டிக்கெட் விற்று முடிந்திருக்கும். அதற்கு மேல் பத்துப் பேர் வந்தால் அதிகம். அப்போதும் திரும்ப மாட்டார். ஆட்டம் முடிகிறவரை பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றிப் போகிற டெம்போக்களை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஆனால் கோல் கணக்கு தப்பாமல் அவருக்குத் தெரியும். ஒரு நாள் நான் அடிபட்டு வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பெரிய சத்தம் எழுந்தது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் அவர் "நம்மளுதுதான், உக்காரு" என்றார். எப்படி அக்கா என்று கேட்டேன்.

"தமிழ்ல கத்துனா நம்மளுது, மலையாளத்துல கத்துனா அவிங்களுது. இதுக்கு என்னத்துக்குத் திரும்பிப் பாக்கோணும்?"

மேற்கேயிருந்து டீம் வந்தால் இது சரியாக வரும். கோவிந்தாபுரம் பக்கத்து டீம் வந்துவிட்டால் சிக்கல். அவர்களும் நம்மைப் போலவே தமிழில்தான் கத்துவார்கள். அன்றைக்கு மட்டும் அக்கா டிக்கெட் புத்தகத்தின் ஓரத்தைக் கிழித்துக் கிழித்துப் போட்டுக்கொண்டு, போகிற வருகிறவனையெல்லாம் கூப்பிட்டு "யாருதுடா, யாருதுடா" என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஆனாலும் திரும்ப மாட்டார்.

சொசைட்டியிலும் இதே கதைதான். வரிசையில் வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார். கேன், அளவுக் குழாய், மீட்டர், சீட்டு. கண் இந்த நாலுக்குள்ளேயே சுற்றும். "மூஞ்சியப் பாத்தா தண்ணி தெரியாதுடா கண்ணு" என்பார். ஒரு தடவை இப்படித்தான் தலை குனிந்தபடியே ஒரு கேனைத் தள்ளி, "இதுல பாதி கெணத்துத் தண்ணி. கொண்டுட்டுப் போங்க, நாளைக்குப் பாலாக் கொண்டுட்டு வாங்க" என்றார். கேன் நகரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் நிற்பது அவருடைய வீட்டுக்காரர். மாடு தண்ணீர் அதிகம் குடித்துவிட்டது என்று அந்த மனுசன் ஏதோ முனகினார். வரிசையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அடுத்த கேனை வாங்கிக்கொண்டார்.

அந்த வீட்டுக்காரர்தான் எங்கள் பழைய கஜாஞ்சி. நல்ல மனிதர், தங்கமான மனிதர், அதுதான் கோளாறே. கோட்டுக்குப் பக்கத்தில் நின்று ஆட்டம் பார்ப்பார். ஒரு கோல் விழுந்தால் "எல்லாத்துக்கும் பிரியாணி" என்று கத்துவார். இரண்டாவது விழுந்தால் புது பூட்ஸ். ஒரு அரையிறுதியில் நாங்கள் மூன்று கோல் அடித்தோம். மனுசன் மைதானத்துக்குள்ளேயே ஓடிவந்து, டீமையே கொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய ஆட்டம் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். கிளப்பில் அதற்குக் காசில்லை. கொடுத்த வாக்குக்கு வீட்டிலிருந்த கறவை மாடு ஒன்று சந்தைக்குப் போனது. நாங்கள் வெட்கமில்லாமல் பஸ் ஏறிப் போய் ஆட்டம் பார்த்துவிட்டு வந்தோம். அடுத்த கமிட்டிக்கு அக்கா தானே வந்தார். தகர டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இனி இது எங்கிட்ட இருக்கட்டுங்க. பந்த நீங்க பாருங்க" என்றார்.

அப்போது நாங்கள் ஜில்லா லீக்கில் மூன்றாவது டிவிஷனில் கிடந்தோம். மேலே வரவேண்டும் என்று எங்களுக்கு வெறி. அக்காவுக்கு வேறு வெறி. நாங்கள் ஆடிக்கொண்டிருந்த நிலம் கிளப்புக்குச் சொந்தமில்லை. பொள்ளாச்சியில் குடியிருக்கிற ஒரு தோட்டத்துக்காரருடையது. போர் போட்டும் தண்ணீர் வராத காடு என்பதால் சும்மா விட்டிருந்தார், நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். அவர் என்றைக்கு வேண்டுமானாலும் வேலி போடலாம். அக்கா பதவிக்கு வந்த முதல் மாதமே பொள்ளாச்சிக்குப் போய் அவரிடம் பேசிவிட்டு வந்தார். விற்கிற எண்ணம் வந்தால் முதலில் கிளப்புக்குத்தான் என்று வார்த்தை வாங்கினார். அன்றிலிருந்து எல்லாக் காசும் அந்த மண்ணுக்கு.

எங்களுக்கு அது எரிச்சலாக இருந்தது. ஜெர்சி கேட்டால் துவைத்துப் போடு என்பார். வெளியூர் ஆட்டத்துக்கு வேன் கேட்டால் பஸ் நேரம் சொல்லுவார். எங்கள் கோல்கீப்பருக்கு விரல் முறிந்தபோது ஆஸ்பத்திரிச் செலவைச் செக்ரட்டரியிடம் சரியாக எண்ணிக் கொடுத்தனுப்பினார். தான் போய்ப் பார்க்கவில்லை. கல்மனசுக்காரி என்று நான்கூடப் பேசினேன். அவன் வீட்டுக்கு ஒரு மாதம் தினமும் தயிர் போனது பின்னால்தான் தெரிந்தது. அது கிளப் காசில்லை, சொந்த மாட்டுத் தயிர். போய்ப் பார்த்திருந்தால் என்ன அக்கா என்று கேட்டதற்கு, "பாத்தா மனசு எளகிப்போகும். எளகுனா டப்பா தொறந்துக்கும். அது எம்பட டப்பா இல்லீடா" என்றார். எனக்கு அப்போதுதான் அந்த ஸ்டூல் ரோட்டைப் பார்த்துக் கிடப்பதன் காரணம் விளங்கியது.

பக்கத்துப் பஞ்சாயத்தில் ஒரு டீம் இருந்தது. கள்ளுக்கடை ஏலம் எடுத்த ஒரு முதலாளி காசை வாரி இறைத்தார். மலப்புறத்திலிருந்து ஆறு பேர், திருவனந்தபுரம் கடற்கரையிலிருந்து மூன்று பேர். இரண்டு வருடம் அவர்களை யாரும் தொட முடியவில்லை. எங்களை ஐந்து கோல் போட்டு அனுப்பினார்கள். மூன்றாவது வருடம் முதலாளிக்குக் கடை கிடைக்கவில்லை. வந்த ஆட்டக்காரர்கள் வந்த வழியே போனார்கள். உள்ளூர்ப் பையன்களோ இரண்டு வருடமாக வெளியே நின்று கைதட்டியே பழகியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் கமிட்டி முழுவதையும் பஸ் ஏற்றி அந்த மைதானத்தைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். கோல் போஸ்டில் கன்றுக்குட்டி கட்டியிருந்தார்கள். வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் மாட்டுச் சோளம் முளைத்திருந்தது.

"நல்லாப் பாத்துக்குங்க. நம்மள அஞ்சு போட்டவிங்க இவிங்கதான்."

செக்ரட்டரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நாம மேல போகவே வேண்டாங்கறீங்களா?" என்று கேட்டார்.

"போலாமுங்க. யாரு வேண்டாம்னது? மேல ஏறறது ஒரு நாள் செலவு. மேல நிக்கறது தெனமும் செலவு. நிக்கறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்குதுன்னு பாத்துப்போட்டு ஏறலாம். காலு வெக்கற மண்ணு மொதல்ல நம்மளுதா இருக்கட்டும்."

சம்பளத்துக்கு ஆளை எடுக்காமல், ஊர்ப் பையன்களை வைத்தே மெல்ல மெல்ல மேலே வந்தோம். இதை இப்போது எழுதுகையில் பெருமையாகத்தான் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் செவன்ஸ் நடத்துவோம். பக்கத்துக்கு ஏழு பேர், பரபரப்பான ஆட்டம், சுற்றுவட்டாரமே திரளும். இடைவேளையில் லேலம் உண்டு. ஒரு சேவல் ஏலத்துக்கு வரும். எடுத்தவர் பெருமைக்காக அதைத் திரும்பக் கிளப்புக்கே கொடுப்பார், மறுபடி ஏலம் போகும். ஒரே சேவலை அக்கா ஒரு சாயங்காலத்தில் நாலு தடவை விற்றார். ஐந்தாவதாக எடுத்த ஒரு கவுண்டர் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஒரு விஷயத்துக்காக அக்கா அவரை ரொம்ப நாள் திட்டினார்.

ஏழு வருடம் இப்படிப் போனது. ஏழாவது வருடம் நாங்கள் லீக்கின் உச்சியான ஏ டிவிஷனுக்கு ஏறினோம். அதே வருடம் தோட்டத்துக்காரரும் விற்க முடிவு செய்தார். சொன்ன வார்த்தைப்படி முதலில் எங்களைத்தான் கூப்பிட்டார். சித்திரை விஷுவுக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் கிளப் பெயருக்கு எழுதித் தருகிறேன், மீதியை மூன்று வருடத்தில் கொடுங்கள், விஷு தாண்டினால் வேறு ஆள் நிற்கிறான் என்றார். அட்வான்ஸுக்கு வேண்டியது கையில் இருந்தது. கொஞ்சம்போலக் குறைந்தது. அதைச் செவன்ஸ் வசூல் அடைத்துவிடும். அக்கா அந்த மாதம் ஒரு நாள் சொசைட்டியில் வரிசையில் நின்றவர்களை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார் என்று ஊரில் பேச்சாக இருந்தது.

ஏ டிவிஷன் வேறு உலகம். பாங்கு டீம், கம்பெனி டீம், டவுன் பணக்கார டீம். முதல் நாலு ஆட்டமும் தோற்றோம். அடியில் இருக்கிற இரண்டு டீம் கீழே இறங்க வேண்டும். எங்களிடம் ஓட ஆள் இருந்தது, பந்தை நிறுத்திப் பார்த்துப் போட ஆள் இல்லை. நான் இடது ஓரத்தில் ஆடுகிறவன். ஓடி ஓடிப் போய் நிற்பேன், பந்து வராது. சீசன் பாதியில் இரண்டு பேரைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ள லீக்கில் விதி உண்டு. மலப்புறத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் சும்மா இருந்தார்கள். அவர்கள் வந்தால் நிற்போம், வராவிட்டால் இறங்குவோம். எல்லோருக்கும் இது தெரிந்தது. அவர்கள் கேட்கிற கூலிக்கு டப்பாவைத் திறக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. கமிட்டியில் மூன்று தடவை கேட்டோம். மூன்று தடவையும் அக்கா "இறங்குனா மறுபடி ஏறிக்கலாம். மண்ணு போனா வராது" என்று ஒரே பதிலைச் சொன்னார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊர் மானம், ஊர் மானம் என்று எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியவன் நான். ஊர் மானத்துக்காக நான் கத்தவில்லை. ஜில்லா டீமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் ஏ டிவிஷன் ஆட்டத்தை மட்டும்தான் வந்து பார்ப்பார்கள். ஜில்லாவிலிருந்து மாநில டீம், அந்த சர்டிபிகேட் இருந்தால் விளையாட்டுக் கோட்டாவில் அரசாங்க வேலை. எனக்கு வயது இருபத்தைந்து ஆகிக்கொண்டிருந்தது. அந்த சீசன் முழுக்க மேலே நின்று, அடுத்த சீசனும் மேலே ஆடினால்தான் எனக்கு ஒரு வழி. இறங்கினால் தவிட்டுக் கடையில் மூட்டை தூக்குகிற வேலைதான் ஆயுசுக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கமிட்டியில் ஊரைப் பற்றித்தான் பேசினேன்.

ஐந்தாவது ஆட்டம் எங்கள் மைதானத்தில், டவுன் டீமோடு. மலப்புறத்துக்காரர்கள் இருவரையும் பஸ் காசும் சாப்பாடும் மட்டும் என்று சொல்லி ஒரே ஒரு ஆட்டத்துக்கு நானே கூட்டிக்கொண்டு வந்தேன். பிடித்திருந்தால் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்தேன். இடைவேளையில் நாங்கள் ஒரு கோல் பின்னால். நான் வியர்வையோடு நேரே டிக்கெட் மேஜைக்குப் போனேன்.

"அக்கா, சித்த நேரம் திரும்பி உக்காருங்க."

"போடா அக்கட்டால."

"ஏழு வருசமா யாருக்குங்க்கா சேத்து வெக்கறீங்க? நாங்க எப்பிடி ஆடறோம்னு ஒரு நாளாச்சும் பாத்தீங்களா? இன்னிக்குத் தோத்தா நாங்க கீழதானுங்க. அப்பறம் அந்த மண்ண வாங்கி வெச்சுட்டு அதுல யாரு ஆடறதுன்னு நெனக்கறீங்க? ஒரே ஒரு அர மணி நேரம் பாருங்க. பாத்துப்போட்டு வேண்டாம்னா நான் இனி வாயே தொறக்க மாட்டேன்."

அவர் டிக்கெட் புத்தகத்தின் ஓரத்தைக் கிழித்துப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அது நடிப்பில்லை. மூட்டை தூக்குகிற முதுகை நினைத்து வந்த அழுகை அது. அவர் அதை வேறு அழுகை என்று நினைத்திருக்க வேண்டும். விசில் ஊதியது. நான் உள்ளே ஓடினேன். கோட்டுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது ஸ்டூல் மைதானத்தைப் பார்த்துக் கிடந்தது, அக்கா அதன் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

அந்த அரை மணி நேரம் போல் நான் அதற்கு முன்பும் ஆடியதில்லை, பின்பும் ஆடியதில்லை. மலப்புறத்துக்காரன் ஒருவன் நடுவில் நின்று, தலையைத் தூக்கி, நான் ஓடுகிற ஓட்டத்துக்கு முன்னால் பந்தை இறக்கினான். முதல் தடவையாக எனக்குப் பந்து வந்தது. நான் உள்ளே தூக்கிப் போட்டேன், இன்னொருவன் தலையால் முட்டினான். ஒன்றுக்கு ஒன்று. கடைசி நேரத்தில் மறுபடி அதே இடம், அதே பந்து. இந்தத் தடவை நானே அடித்தேன். ஊரே உள்ளே பாய்ந்தது. கூட்டத்துக்கு மேலாக ஒரு பெண் குரல் கேட்டது, வார்த்தையே இல்லாத ஒரு கூச்சல். கஜாஞ்சியக்கா சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, ஸ்டூலில் நின்று குதித்துக்கொண்டிருந்தார். மேஜையில் தகர டப்பா கேட்பாரில்லாமல் கிடந்தது. அவர் வீட்டுக்காரர் ஓடிப்போய் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கமிட்டி கூடியது. நாங்கள் கேட்பதற்கு முன்னால் அக்காவே, "அந்த ரெண்டு பசங்க மிச்ச ஆட்டத்துக்கு எவ்வளவு கேக்கறாங்க?" என்றார். செக்ரட்டரி சொன்னார். அக்கா யோசிக்கவே இல்லை. "குடுத்தர்லாம். செவன்ஸ்ல திரும்பச் சேத்துக்கலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்காரர் மட்டும் தட்டவில்லை. அவர் தன் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் அவருக்குத் தெரிந்த முகம்தானே, அரையிறுதியன்று அவருக்கே வந்த முகம். "ஒரு வாரம் பொறுத்துச் சொல்லலாமே புள்ள" என்று மெதுவாகச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன். வாங்கியும் பேசாமல் இருந்தேன்.

ஏ டிவிஷனில் நின்றோம். கடைசி ஆட்டத்தில் வெற்றி, பட்டாசு, ஊர்வலம், பிளக்ஸ் போர்டு எல்லாம் உண்டு. செவன்ஸுக்குப் பந்தல் போட்டோம். எங்கள் கிழக்குச் சீமை மழைக்கு ஏங்கிக் கிடக்கிற சீமை. பங்குனியில் அங்கே மழை பெய்து நான் பார்த்ததில்லை. அந்த வருடம் பெய்தது. நாலு நாள் விடாமல் அடித்தது. மைதானம் சேறானது, தென்னந்தடுக்கு சாய்ந்தது, வரவேண்டிய டீம்கள் போனிலேயே வரவில்லை என்றார்கள். விவசாயிகள் வானத்தைக் கும்பிட்டார்கள். அக்கா குடை பிடித்துக்கொண்டு காலியான மேஜைக்குப் பின்னால் நாலு நாளும் போய் உட்கார்ந்தார். டிக்கெட் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். யாரும் அவரைப் போய்க் கூப்பிடவில்லை. எனக்கும் தைரியமில்லை.

விஷு வந்தது, போனது, அட்வான்ஸ் தேறவில்லை. அக்கா பொள்ளாச்சிக்கு இரண்டு தடவை போய் வந்தார். தோட்டத்துக்காரர் கெட்டவர் இல்லை. மேலும் பத்து நாள் பொறுத்தார். பிறகு கோழிப் பண்ணைக்காரர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தார். எங்கள் பெனால்டி இடத்தில் ஷெட்டுக்குக் குழி தோண்டினார்கள். அடுத்த வருடம் ஏ டிவிஷன் டீமுக்குப் பயிற்சி செய்யச் சொந்த இடமில்லை. சொந்த ஊர் ஆட்டத்தையே வாடகை கொடுத்து டவுனில் ஆடினோம், டிக்கெட் வருமானம் போனது. அந்த சீசன் முடிவில் இறங்கினோம், அதற்கடுத்த சீசனும் இறங்கினோம். இப்போது கிளப் இருக்கிறது. அறுவடையான வயலில் வருடத்துக்கு இரண்டு மாதம் ஆடுகிறார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "இத்தன வருசம் இறுக்கிப் புடிச்சுப்போட்டு, கடசீல தொறந்து உட்டுட்டா பாரு" என்றார்கள். அன்று கைதட்டிய அதே கைகள். அக்கா ஒரு வெள்ளைத் தாளில் ராஜிநாமா எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு வரிதான் இருந்தது: நான் மைதானத்தைப் பார்த்தது தப்பு. செக்ரட்டரி அதைப் படித்துவிட்டு, இதென்ன ராஜிநாமா என்று கேட்டார். நான்தான் பார்க்கச் சொன்னேன் என்று அந்த இடத்திலாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அந்தத் தாளை வாங்கி ஃபைலில் வைத்தேன்.

மைதானம் இல்லாமல் டவுனில் ஆடிய அந்த சீசனில்தான் என்னை ஜில்லாவுக்கு எடுத்தார்கள். மாநிலத்துக்கும் போனேன். சர்டிபிகேட் வந்தது, கொஞ்ச காலம் கழித்து வேலை உத்தரவும் வந்தது. ஒரு மத்தியான நேரம் இனிப்பு வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மாட்டுக் கொட்டகையில் தவிடு பிசைந்துகொண்டிருந்தார். கையைக் கழுவி, சேலையில் துடைத்து, உத்தரவை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை படித்தார். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வேலதான். நல்லா இரு கண்ணு."

இனிப்பை வாங்கிக்கொள்ளவில்லை. உத்தரவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு கேக்கறேன். நெசத்தச் சொல்லோணும். அன்னிக்கு அழுதுட்டு வந்து என்னையத் திரும்பச் சொன்னியே, அது இதுக்குத்தானா?"

முகங்களைப் பார்க்காத அந்த மனுசி அன்றைக்கு என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஒரு ஊர் மண்ணை என் ஒருவன் வேலைக்காக அழித்தவன் என்ற பெயரை அவர் முன்னால் நின்று வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

"இல்லீங்க்கா. சத்தியமா ஊருக்காகத்தானுங்க."

மாடு தவிட்டுத் தொட்டியை முட்டியது. அதன் நெற்றியை ஒரு கையால் தள்ளிவிட்டு உத்தரவை மடித்தார்.

"ஆமாங்க்கான்னு சொல்லுவியோன்னு பாத்தேன்" என்றார். "உனக்காகத்தான்னு சொல்லியிருந்தீன்னா, அந்த மண்ணு ஒரு ஊட்டுல சோறா ஆயிருச்சுன்னு நெனச்சு மனச ஆத்திக்குவேன். ஊருக்காகன்னா என்னடா அர்த்தம்? ஒரு வருசத்துக் கைதட்டலுக்குக் குடுத்துப்போட்டேன்னுதான் அர்த்தம்."

சொல்லிவிட்டுத் தவிட்டுக்குத் திரும்பிவிட்டார். நான் வாயைத் திறந்தேன். சத்தியம் செய்து அரை நிமிடம்கூட ஆகவில்லை, அதை எப்படி மாற்றிச் சொல்வது? இனிப்புப் பொட்டலத்தைக் கொட்டகைச் சுவர் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வேலையில் சேர்ந்து எட்டு வருடமாகிறது. இப்போது சாந்தன்பாறையில் இருக்கிறேன், ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஆபீஸ், வீடு, மனைவி, ஒரு பெண் குழந்தை. குறையில்லாத சோறு. அக்கா இன்னும் சொசைட்டிக்குப் போகிறார் என்று ஊரிலிருந்து போனில் சொல்கிறார்கள். இங்கிருந்து காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் அவர் வீட்டு வாசலில் இறங்கிவிடலாம். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைதான். நான் இன்னும் போகவில்லை.